நாலு இஞ்சு பிளாக்கும் ஒரு மெழுகுத் துண்டும்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரரிடம் என் தங்கை கணவர் சிக்கந்தர் சொன்னது இவ்வளவுதான்: "பிளாக் வாங்கணும்ங்க." ஆட்டோக்காரர் மறுகேள்வி கேட்கவில்லை. நேராகக் கொண்டுபோய் ஊராட்சி ஒன்றிய அலுவலக வாசலில் இறக்கிவிட்டார். பிளாக் என்றால் பிளாக் ஆபீஸ். நிழலில் நின்ற இரண்டு பேர் எங்கள் மனு எதைப் பற்றியது என்று அக்கறையோடு விசாரித்தார்கள். ஆட்டோ அதற்குள் திரும்பிப் போய்விட்டது.

நாங்கள் தேடி வந்தது ஒரு மெழுகுத் துண்டு. தீப்பெட்டியில் அடங்கும் அளவு. என் தங்கை ஜெய்னம்புவின் மார்பிலிருந்து இரண்டு வருடங்களுக்கு முன் எடுத்த கட்டியின் ஒரு பகுதி அதற்குள் இருக்கிறது. ஆபரேஷன் அரியலூரில் ஒரு நர்சிங் ஹோமில் நடந்தது. சதையைப் பரிசோதித்தது பெரம்பலூரில் ஒரு லேப். லேப்காரர்கள் சதையை மெழுகில் பதித்து, சீவல் சீவலாக வெட்டிப் பார்த்துவிட்டு, மீதியை அப்படியே வைப்பார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பெயர் பிளாக்.

நோய் இப்போது ஜெய்னம்புவின் முதுகெலும்புக்கு வந்திருக்கிறது. வழக்கமான மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டன. சென்னையில் ஓர் ஆராய்ச்சி மருத்துவமனையில் மைக்ரோ ஆர்.என்.ஏ-வைக் குறிவைக்கும் மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அதில் சேர, கட்டியில் ஒரு குறிப்பிட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ அதிகமாக இருக்க வேண்டும். முதுகெலும்பில் ஊசி விட்டு எடுப்பது அவள் இருக்கும் நிலையில் ஆபத்து. எனவே பழைய கட்டி வேண்டும், அதுவும் இந்த மாதம் முடிவதற்குள். அதன் பிறகு யாரையும் சேர்க்கப் போவதில்லை.

நான் சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் செய்திகளைத் திருத்துகிறவன். லீவு போட்டுவிட்டு எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டுக்கு வந்தேன். வந்த அன்று ஜெய்னம்பு நெய்ச்சோறும் தாளிச்சாவும் செய்திருந்தாள். ஏன் இந்த உடம்போடு அடுப்பில் நிற்கிறாய் என்று கேட்டேன். "நின்னாத்தாண்ணே வலி கம்மியா இருக்கு. உக்காந்தா ஜாஸ்தி. அப்புறம் நின்னுகிட்டு சும்மா என்ன பண்றது?" என்றாள். சாப்பிட உட்கார்ந்தேன். சோறு நன்றாக இருந்தது.

பெரம்பலூர் லேபை ஒருவழியாகக் கண்டுபிடித்தபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சாப்பாட்டு நேரம். சிக்கந்தருக்கு இதில் வருத்தமே இல்லை. எதிர்க்கடையில் பருப்பு வடை போடுவதை அவர் முன்பே பார்த்துவிட்டார். இந்தப் பயணம் முழுவதும் நான் கவனித்த உண்மை இது. நான் கதவைப் பார்க்கும் இடத்தில் அவர் வாணலியைப் பார்ப்பார். பல வருடம் கத்தாரில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை செய்தவர். அங்கே நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகியதால், இங்கே எங்கே நின்றாலும் சாப்பிடுகிறார்.

ஷட்டர் ஏறியதும் நான் மட்டும் உள்ளே போனேன். லேபில் இருந்த பெண் என் கேள்வியை முடிக்கவிடவில்லை.

"பிளாக்கு, ஸ்லைடு, ரிப்போர்ட்டு மூணையும் அனுப்புன எடத்துக்கே திருப்பி அனுப்பிடுவோம் சார். நீங்க அரியலூர்லதான் கேக்கணும்."

"ஒருவேளை இங்கேயே இருந்தால்?"

"இருக்காது சார்."

"ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லலாமே."

"பாத்துட்டும் இதத்தான் சார் சொல்லுவேன்."

வெளியே வந்து சிக்கந்தரிடம், "பிளாக் அரியலூரில் இருக்கிறதாம்" என்றேன். "அங்க போயிட்டா கெடச்சுரும் மச்சான்" என்றார் அவர், வடையின் எண்ணெயைப் பேப்பரில் ஒற்றியபடி.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிளாக் என்றால் என்ன என்று நான் சிக்கந்தரிடம் விளக்கவில்லை. தங்கையின் மார்பைப் பற்றி மாப்பிள்ளையிடம் அண்ணன் பேசுவது எங்கள் வீடுகளில் கிடையாது. அவரும் என்னிடம் பேசியதில்லை. ஆபரேஷனைக்கூட "அந்த அரியலூர் விஷயம்" என்றுதான் சொல்வார். "டெஸ்டுக்கு பிளாக் வேணும்" என்றேன். "சரி மச்சான்" என்றார். இரண்டு பேருக்கும் நிம்மதி.

மறுநாள் அரியலூர் பஸ். கண்ணாடியில் 'இடைநில்லா' என்று எழுதியிருந்தது. புறப்பட்டவுடன் நின்றது. பிறகு, கை காட்டியவர்களுக்கும் காட்டாதவர்களுக்கும் நின்றது. ஓரிடத்தில் டிரைவர் இறங்கிப் போய், சாலையோரம் குவித்திருந்த சின்ன வெங்காயத்தில் ஒரு மூட்டை பேரம் பேசி, எடுத்து வந்து என் காலடியில் வைத்தார். "கொஞ்சம் பாத்துக்கங்க சார், உருண்டுரும்" என்றார். சிங்கப்பூரில் பஸ் ஓட்டுநர் பயணிகளோடு பேசக் கூடாது என்று பலகை இருக்கும். அதன் அருமை எனக்கு அப்போது விளங்கியது.

அதற்கப்புறம் சுண்ணாம்புக்கல் லாரிகள். சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் வரிசை அசையவில்லை. சாலை, வேலி, கருவேல மரம் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. நேரம் போவதற்காக மைக்ரோ ஆர்.என்.ஏ பற்றி சிக்கந்தருக்குச் சொன்னேன். சென்னை டாக்டரம்மாவிடம் நான் போனில் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டது அது.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் என்னென்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவுகள் போய்க்கொண்டே இருக்கின்றன. மைக்ரோ ஆர்.என்.ஏ எதையும் உண்டாக்குவதில்லை. இருபது இருபத்திரண்டு எழுத்து நீளமுள்ள துணுக்கு அது. தனக்குப் பொருந்துகிற உத்தரவின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, அது நிறைவேறாமல் செய்துவிடும். அதுதான் அதன் வேலை. சாதாரண நாளில் உடம்புக்கு அது தேவை. புற்றுநோயில் சில துணுக்குகள் அளவுக்கு மீறிப் பெருகிவிடுகின்றன. 'போதும், வளராதே' என்ற உத்தரவையே அவை அமுக்கிவிடுகின்றன. வேறு சில துணுக்குகள் குறைந்துவிடுவதாலும் கெடுதல் வரும். அதற்குச் சிகிச்சை வேறு. இந்த மருந்து பெருகிய துணுக்குக்கு எதிரானது. அதற்குச் சரியாகப் பொருந்தும் இன்னொரு சரத்தைச் செய்து உள்ளே அனுப்புகிறார்கள். துணுக்கு அதனோடு ஒட்டிக்கொண்டு செயலற்றுப் போகும்.

சிக்கந்தர் கவனமாகக் கேட்டார். "பூட்டு ஓட்டைல தீக்குச்சிய சொருகி ஒடச்சு வுடறாப்ல" என்றார்.

"கிட்டத்தட்ட."

"அப்ப வேற பூட்டுலயும் சொருகிக்குமே மச்சான்?"

டாக்டரம்மா தயங்கித் தயங்கிச் சொன்ன இடத்துக்கு இவர் நேராக வந்துவிட்டார். ஒரு துணுக்கு ஓர் உத்தரவை மட்டும் அமுக்குவதில்லை, பல நூறு உத்தரவுகளைத் தொடுகிறது. அதைக் கட்டிப்போட்டால் நல்லதும் விடுபடும், வேண்டாததும் விடுபடும். மருந்து கட்டிக்கே போய்ச் சேருமா, கல்லீரலில் தங்கிவிடுமா என்பது தனிச் சிக்கல். இந்தத் துறையில் முன்பு மனிதர்களிடம் முயன்றவற்றில், உடம்பின் எதிர்ப்பு கடுமையாகிப் பாதியில் நிறுத்தப்பட்டதும் உண்டு. "மருந்துன்னு எழுதிடாதீங்க சார், ஆராய்ச்சின்னு எழுதுங்க" என்றார் டாக்டரம்மா. நான் எதையும் எழுதப் போவதில்லை, இது என் தங்கை என்றேன். "அப்பன்னா இன்னும் ஞாபகம் வச்சுக்கங்க" என்றார்.

இதையெல்லாம் வரி விடாமல் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: பிளாக் என்றால் என்ன என்பது.

நர்சிங் ஹோம் பழைய இடத்தில் இல்லை. அங்கே இப்போது செல்போன் கடை. ஒரு மூலையில் நின்ற காவலாளியிடம் சிக்கந்தர் வழக்கம்போல முந்திக்கொண்டார். "அண்ணே, இங்க பிளாக் குடுக்கற எடம்..."

"நேரா போயி ரைட்டு" என்றார் அவர்.

நேராகப் போய் வலதுபக்கம் திரும்பினால் ஒரு பெரிய களம். வரிசை வரிசையாகச் சிமெண்ட் கற்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. தலையில் துண்டு கட்டிய ஒருவர் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"நாலு இஞ்சா, ஆறு இஞ்சாங்க?"

"அது இல்லை" என்றேன்.

"எட்டு இஞ்சு நாளைக்குத்தான் காயும்."

"மெழுகில் செய்த பிளாக்."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சிக்கந்தரிடம் மெதுவாகச் சொன்னார்: "மெழுகுல கட்டுனா வூடு நிக்காதுங்க. சாருக்கு எடுத்துச் சொல்லுங்க."

டீக்கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் அன்றைய பேப்பர் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கல்லை வைத்திருந்தார். நத்தை ஓடுபோலச் சுருள் சுருளான கல். இந்தப் பக்கம் ஒரு காலத்தில் கடல். சுண்ணாம்புக்கல்லை வெட்டினால் இப்படிப் பிராணிகள் கல்லாகக் கிடைக்கும் என்று படித்திருக்கிறேன். பல கோடி வருடத்துப் பிராணி டீக்கடையில் பத்திரமாக இருக்கிறது. இரண்டு வருடத்துச் சதையைக் காணோம். சிக்கந்தர் முட்டை பரோட்டா சொன்னார்.

புதுக் கட்டடத்தில் நர்சிங் ஹோமைப் பிடித்தபோது மதியம் தாண்டிவிட்டது. மூத்த நர்ஸ் ஒருவர் எங்களை உட்கார வைத்தார். இரண்டு நாளில் எங்களை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்.

"பிளாக்கெல்லாம் நாங்க வச்சுக்கறது இல்லைங்க. எடம் கெடையாது. லேபுல இருந்து வந்ததும் பேஷண்ட் வூட்டுக்காரர கூப்பிட்டு அவங்க கையிலயே குடுத்துடுவோம். 'இதுல கட்டியோட துண்டு இருக்கு, பத்திரமா வச்சுக்கங்க'ன்னு சொல்லித்தான் குடுப்போம்."

எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அதுவா?"

நான் திரும்பவில்லை. திரும்பினால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே உத்தரவாதம் இல்லை. பெரம்பலூர் போனோம், பிளாக் ஆபீஸ் போனோம், லாரிக்குப் பின்னால் ஊர்ந்தோம், வெங்காய மூட்டையைக் காலால் அணைத்துக்கொண்டு வந்தேன். அத்தனை தூரமும் விஷயம் தெரிந்த ஆள் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "மாப்பிள்ளை, அது எங்கே?"

"பத்தரமாத்தான் இருக்கு."

"எங்கே?"

"மையவாடில."

மையவாடி என்பது எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் அடக்கத்தலம்.

"அடக்கம் பண்ணிட்டேன் மச்சான்" என்றார். "உடம்புலேருந்து எடுத்தது. குப்பைல போட முடியுமா? பீரோல வச்சா, அவ தெனமும் துணி எடுக்கறப்பல்லாம் பாக்கணும். கை காலு எடுத்தாக்கூட அடக்கம் பண்றதுதான முறை? வெள்ளத் துணில சுத்தி, கொஞ்சம் அத்தர் தடவி, எங்கம்மா கபர்கிட்ட வச்சேன். பள்ளிவாசல் மோதினாருக்கு மட்டும்தான் தெரியும். தொறந்துகூடப் பாக்கல, அதுக்குப் பேரு பிளாக்குன்னும் தெரியாது."

"ஜெய்னம்புவிடம் சொல்லவில்லையா?"

"எப்டி சொல்றது?"

ஒரு பத்திரிகைக்காரனாக என்னால் அவரிடம் எந்தப் பிழையையும் பிடிக்க முடியவில்லை. பத்திரமாக வைக்கச் சொன்னார்கள். அவருக்குத் தெரிந்த மிகப் பத்திரமான இடத்தில் வைத்தார். அதனால் எரிச்சல் குறையவில்லை, கூடியது.

சொல்ல வேண்டிய பொறுப்பு என்னிடம் வந்தது. வீட்டுக்குப் போனதும் சொன்னேன். ஜெய்னம்பு சுவரில் சாய்ந்து நின்றபடி முழுவதும் கேட்டாள். கணவரைப் பார்த்தாள்.

"எனக்கு முன்னாடியே என்னைய அடக்கிட்டீங்களா?"

சிக்கந்தர் தரையைப் பார்த்தார்.

"துஆ யாரு ஓதுனா?"

"நானேதான்."

"நீங்களா? அப்ப அது சொர்க்கத்துக்குப் போயிருக்காது. இங்கதான் கெடக்கும். போயி எடுத்துட்டு வாங்க."

அடுத்த நாள் காலை அஜ்ரத்திடம் போனோம். பள்ளிவாசலில் தொழவைப்பவர், என்னைவிட இளையவர். அவர் என் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"அடக்கம் பண்ணதத் தேவையில்லாம தோண்டக் கூடாதுங்க. ஒரு உசுர காப்பாத்தறதுக்குன்னா அது தேவைதானே. எடுத்துக்கங்க. ஆனா பக்கத்து கபர் மேல கால் படக் கூடாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "காப்பாத்திடுமா?" என்றார்.

"தெரியாது" என்றேன். "சேர்ப்பார்களா என்றே தெரியாது."

"அதையும் தெரிஞ்சுகிட்டா நல்லதுதான்" என்றார்.

மையவாடிக்குள் எங்கள் பெண்கள் போவதில்லை. ஜெய்னம்பு ஆட்டோவில் வந்து மதிலுக்கு வெளியே நின்றாள். வராதே என்று சொல்லிப் பார்த்தேன். "என்னோடதுதானேண்ணே எடுக்கறீங்க?" என்றாள்.

உள்ளே சிக்கந்தர் நின்று நின்று பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அடையாளத்துக்கு ஒண்ணு வச்சிருந்தேன் மச்சான். காணும்."

"என்ன வைத்திருந்தீர்கள்?"

"ஹாலோ பிளாக்."

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. கூட வந்த மோதினார், பாங்கு சொல்கிற பெரியவர், தொண்டையைச் செருமினார். "கருவ முள்ளு வெட்டுனப்போ கல்லையெல்லாம் பொறுக்கி ஒளு செய்யற தண்ணித் தொட்டிகிட்ட படிக்கு வச்சுட்டாங்க தம்பி. நீ அதத்தான் தெனமும் மிதிச்சுகிட்டு உள்ள வர்ற."

தன் அம்மாவின் கபரில் நட்ட மீசான் கல்லிலிருந்து ஒரு முழம் என்றார் சிக்கந்தர். தலைமாட்டா கால்மாட்டா என்பதில் சந்தேகம் வந்தது. மண்வெட்டி போட்டால் மெழுகு உடைந்துவிடும். எனவே கொட்டாங்குச்சியால் சுரண்டினார். கால்மாட்டில் ஒன்றுமில்லை. தலைமாட்டில் வேர்தான் வந்தது. வெயில் ஏறியது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது.

"கெடச்சுதா?"

"இரு புள்ள."

"வூட்டுல சாவிய வச்ச எடமே தெரியாது. இவருகிட்ட போயி குடுத்தாங்க பாரு."

சிக்கந்தர் கொட்டாங்குச்சியை எறிந்துவிட்டு விரல்களால் தோண்டினார். அவர் தோள் குலுங்குவதை நான் பார்த்தேன். மோதினார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கத்தார் போனவர், வந்தவர், வடை தின்றவர் என்றுதான் அவரை இந்த மூன்று நாளும் கணக்கில் வைத்திருந்தேன். இந்த இடத்தில் அவர் முன்பும் ஒருநாள் இப்படித் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அம்மா வலது கைப் பக்கம்" என்றார் திடீரென்று. "அவங்க எனக்குச் சோறு ஊட்டுற கை. அந்தப் பக்கம்தான் வச்சேன்."

அங்கே இருந்தது. துணி கறுத்து இழை இழையாகியிருந்தது. உள்ளே சின்ன பிளாஸ்டிக் கூடு, அதில் மஞ்சளேறிய மெழுகு, ஒரு மூலையில் விரிசல். ஓரத்தில் லேபின் எண் படிக்க முடிந்தது. மெழுகின் நடுவே பழுப்பாக ஒரு புள்ளி. முகர்ந்து பார்த்தேன். மண் வாசனைதான், அத்தர் போயிருந்தது.

மதில் மேல் வைத்தோம். ஜெய்னம்பு கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதுக்கா ரெண்டு வருசமா இந்த மனுசன் என் மூஞ்சிய நேரா பாக்கல?"

சென்னைக்குப் போன பஸ்சில் ஏ.சி. வேலை செய்யவில்லை. மெழுகு உருகிவிடுமோ என்று சிக்கந்தர் வழிநெடுக ஈரத்துணி மாற்றினார். மருத்துவமனை கவுண்டரில் ஓர் இளம்பெண் கையுறை போட்டு வாங்கினாள்.

"இதுவரைக்கும் எங்க ஸ்டோர் பண்ணியிருந்தீங்க?"

வார்த்தைகளோடு பிழைப்பு நடத்துகிற நான் சரியான வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். சிக்கந்தர்தான் சொன்னார்: "அடக்கம் பண்ணி வச்சிருந்தோம்மா."

அவள் கணினியைப் பார்த்தாள். அங்கிருந்த பட்டியலில் இரண்டே வழிதான்: குளிர்பதனம், அறை வெப்பநிலை. அறை வெப்பநிலை என்று பதிந்தாள்.

நான் லீவை நீட்டித்துக்கொண்டு லப்பைக்குடிக்காட்டில் காத்திருந்தேன். டாக்டரம்மாவே கூப்பிட்டார். நீளமான ஆர்.என்.ஏ எல்லாம் துண்டு துண்டாகிவிட்டதாம். மைக்ரோ ஆர்.என்.ஏ நன்றாக இருக்கிறதாம். இன்னும் உடைய முடியாத அளவுக்கு ஏற்கெனவே சின்னது, மெழுகுக்குள் வேறு இருந்தது என்றார். அவர்கள் தேடிய துணுக்கு மிக அதிகமாக இருக்கிறது.

அதிகமாக இருப்பது கெட்ட செய்தி. அதிகமாக இருந்தால்தான் சேர்க்க முடியும் என்பதால் நல்ல செய்தி. ஜெய்னம்புவைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இதற்கு ஒரு தலைப்பு வைக்கச் சொன்னால் எனக்குத் தெரியாது.

டாக்டரம்மா போனில் சொன்னதை அவளிடம் அப்படியே சொன்னேன். ஆராய்ச்சி, மருந்து அல்ல என்பதையும் சொன்னேன். தலையாட்டினாள். வேறு ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள். சோதித்தது போக மீதி பிளாக்கைத் திருப்பித் தந்துவிடுவார்களாம், மறுபடி தேவைப்படலாமாம் என்றேன்.

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். சிக்கந்தர் அங்கே நின்றுகொண்டே எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க" என்றாள். "இந்தத் தடவ பீரோல வைங்க. நான் பாத்துக்கறேன்."